பணி ஓய்வு பெற்ற தம்பதி நாய் வளர்க்கலாமா? அவர்கள் வாரம் எப்படிப் போகும்?

கேட்டவர் தன் பெற்றோருக்காகக் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு இந்த ஆண்டு பணி ஓய்வு. பிள்ளைகள் எல்லாரும் வெளியூர். பெரியவர்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டுக்கு ஒரு லேப்ரடார் குட்டி வாங்கிக் கொடுக்கலாமா, நாயை வைத்துக்கொண்டு அவர்கள் பொழுது எப்படிப் போகும் என்பது கேள்வி.

வளர்க்கலாம், தாராளமாக வளர்க்கலாம். ஆனால் குட்டி வேண்டாம். நாலைந்து வயதான, சுபாவம் தெரிந்த நாயாகப் பாருங்கள். சாதாரண நாட்டு நாயாக இருந்தால் இன்னும் நல்லது. காரணம் சொல்ல எங்கள் வீட்டு நடப்பையே சொல்கிறேன்.

அன்னூருக்கும் புன்செய் புளியம்பட்டிக்கும் நடுவில் ஒரு தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், நானும் என் வீட்டுக்காரரும் இருக்கிறோம். நான் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். அவர் அரசுப் பேருந்தில் கண்டக்டர். மகள் ஓசூரில், மகன் வெளிநாட்டில். எங்களோடு ரோசி, வீரன் என்று இரண்டு நாய்கள். ரோசி பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தைச் சுற்றியே வளர்ந்தவள். நான் ஓய்வு பெற்றபோது என்னோடு வந்துவிட்டாள். வீரன் பக்கத்துத் தோட்டத்து ஆட்டுப்பட்டியில் காவல் இருந்தவன். பின்னங்காலில் அடிபட்டு முன்போல ஓட முடியாமல் போனதும், "நீங்க வெச்சுக்கறீங்ளா டீச்சர்?" என்று பட்டிக்காரர் கேட்டார். இரண்டுமே எங்களிடம் வரும்போது வளர்ந்த நாய்கள்.

நாய்கள் வருவதற்கு முன் எங்கள் வீடு எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். முதல் சிங்கிள், அதாவது முதல் நடை பஸ், எடுக்க விடிய மூன்றரைக்கே கிளம்பிப் பழகியவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்த நேரத்துக்கு முழிப்பு வந்துவிடும். ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், விளக்கைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். நாள் முழுக்க நூற்றுக்கணக்கான பேரிடம் பேசிக்கொண்டிருந்த மனுஷனுக்குப் பேச ஆள் நான் ஒருத்திதான். எனக்கோ வகுப்பறைச் சத்தம் ஓய்ந்து கொஞ்சம் அமைதியாக இருந்தால் போதும் என்றிருந்தது. எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. ஆனால் "மோட்டார் போட்டாச்சா", "மாத்திரை போட்டாச்சா", "பால்காரர் வந்தாரா" என்பதற்கு மேல் பேச்சு நகராது. பிள்ளைகள் போனில் கூப்பிடும் அன்று வீடு கலகலப்பாக இருக்கும், மறுநாள் பழையபடி ஆகிவிடும். ஓய்வு பெற்றவர்கள் வீட்டில் இது சகஜம், வெளியே சொல்வதுதான் இல்லை.

இப்போது விடிந்தும் விடியாமலும் பழைய விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நாய்களோடு குளத்துக் கரைக்குக் கிளம்பிவிடுகிறார். நானும் சில நாள் போவேன். மூட்டு வலி இருக்கிற நாட்களில் வாசலிலேயே நின்றுவிடுவேன். எங்கள் ஊர்க் குளம் வருடக்கணக்கில் காய்ந்து கிடந்தது. குளங்களுக்குப் பவானி ஆற்றுத் தண்ணீர் கொண்டுவருகிற அத்திக்கடவு அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கிய பிறகு அதில் தண்ணீர் பார்க்கிறோம். தண்ணீர் வந்ததும் கொக்கும் நாரையும் வந்தன. மயில் இங்கே எப்போதுமே உண்டு.

அந்த விசிலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பஸ்ஸில் ஒரு விசில் அடித்தால் நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் போகலாம். அதே கணக்கைத்தான் நாய்களுக்கும் பழக்கினார். கரையில் மயிலைக் கண்டால் வீரன் உடம்பைத் தாழ்த்துவான், காது இரண்டும் முன்னால் வரும், முன்னங்கால் நகம் மண்ணைப் பிறாண்டும். ஒரு விசில். அப்படியே நின்றுவிடுவான், முதுகுத் தோல் மட்டும் துடித்துக்கொண்டிருக்கும். மயில் கிளுவை வேலியைத் தாண்டி மறையும் வரை இவரும் நிற்பார். அப்புறம் இரண்டு விசில், நடை தொடரும். கழுத்துப் பட்டியும் கயிறும் எப்போதும் உண்டு. மயிலைத் துரத்தவிடுவது சட்டப்படியும் குற்றம், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது முதல் பட்டியலில் இருக்கிற பறவை.

நடந்துவிட்டுத் திரும்பும்போது சொல்வதற்கு அவரிடம் ஏதாவது இருக்கும். "அம்மிணி, இன்னிக்கு ரோசி என்ன பண்ணுனா தெரியுமா?" என்று கொல்லைப்புறப் பொடக்காலிவரை தேடிக்கொண்டு வந்துவிடுவார். நானும் "ஏனுங்க, வீரன் நேத்து ராத்திரி சோத்தைப் பாதி வெச்சுட்டானுங்களே" என்று ஆரம்பிப்பேன். அதிலிருந்து பேச்சு எங்கெங்கோ போகும். பஸ்ஸில் ஆட்டுக்குட்டிக்கு டிக்கெட் கேட்ட கதை, நான் முதன்முதல் வேலைக்குச் சேர்ந்த மலையடிவாரப் பள்ளிக்கூடம், மகளுக்குக் காது குத்தின நோம்பி... இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் சொல்லாமல் விட்டது இவ்வளவு இருந்திருக்கிறது. உங்கள் கேள்விக்கு என் உண்மையான பதில் இதுதான். நாய் எங்களுக்குத் துணை என்று சொல்வதைவிட, எங்களை ஒருவருக்கொருவர் பேச வைத்தது என்று சொல்வேன்.

கிழமைகளுக்கு வருகிறேன். வேலையில் இருந்தவரை கிழமை தானாக நினைவிருக்கும். ஓய்வு பெற்ற பிறகு செவ்வாயா புதனா என்று காலண்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. இப்போது ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறோம்.

வியாழன் புளியம்பட்டிச் சந்தை. மாட்டுச் சந்தைக்குப் பேர் போனது. எங்களுக்கு அங்கே மாட்டு வேலை இல்லை, காய்கறி, கொள்ளு, கருவாடு, அப்புறம் நாய்களுக்குக் குருணை அரிசி. அவர் எக்ஸெல் வண்டியில் போய் மதியத்துக்குள் திரும்பிவிடுவார். வெள்ளிக்கிழமை வீடு கழுவி, வாசல் தெளித்துக் கோலம் போடுவது வரை நாய்கள் இரண்டும் வேப்பமரத்தடியில் கிடக்கும். திங்கள், செவ்வாய், புதனைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, தோட்ட வேலையிலேயே போய்விடும்.

சனிக்கிழமைதான் பெரிய நாள். அன்று அவருக்கு எண்ணெய்க் குளியல், நாய்களுக்கும் குளியல். குளிப்பாட்டுவதற்கு முன் உண்ணி பார்ப்போம். கிழக்கு வாசலில் வெயில் விழுகிற இடத்தில் சாக்கை விரித்து ரோசியைப் படுக்க வைத்து நான் தலையை மடியில் பிடித்துக்கொள்வேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காது மடலின் உள்பக்கத்தில் ஆரம்பிப்பார். பிறகு கழுத்துப் பட்டி இருக்கிற இடம், அக்குள், கடைசியாகக் கால் விரல் இடுக்கு. விரல்களைப் பிரித்துப் பார்த்தால் ஆமணக்கு விதை மாதிரி சாம்பல் நிறத்தில் ரத்தம் குடித்து உப்பிக் கிடக்கும். சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். திருகினாலோ நடுவில் பிடித்தாலோ வாய்ப்பகுதி தோலுக்குள்ளேயே நின்றுவிடும். எடுத்ததைக் கையால் நசுக்கக் கூடாது. பக்கத்தில் சோப்புத் தண்ணீர்க் கிண்ணம் இருக்கும், அதில் போட்டுவிடுவார். இந்த வேலை முடிய வெகுநேரம் ஆகும். ரோசி பாதியில் தூங்கிவிடுவாள். வீரன் தன் முறை வரும்வரை கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

உண்ணியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அது ஊறல் எடுப்பதோடு நிற்பதில்லை, உண்ணிக் காய்ச்சலையும் கொண்டுவரும். நாய் சோறு தின்னாமல் சுருண்டு கிடந்தால் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு வெளுத்திருந்தால், மூக்கில் ரத்தம் வந்தால், அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். நேரத்தில் போனால் பெரும்பாலும் மருந்திலேயே குணமாகிவிடும். வராமல் தடுக்க ஒரு மாதம் வேலை செய்கிற மாத்திரையும் இருக்கிறது, மூன்று மாதம் நிற்கிற மாத்திரையும் இருக்கிறது. நாயின் எடையைப் பார்த்து மருத்துவர் சொல்வதை வாங்குங்கள். மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்தை எடுத்து நாய்க்குப் பூசுகிற பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. அளவு கொஞ்சம் மாறினாலும் விஷமாகிவிடும், அதைச் செய்யவே வேண்டாம்.

ஞாயிறு கறி நாள். பல்லடம், உடுமலை என்று கறிக்கோழிப் பண்ணை நிறைந்த சீமை இது. கடையில் ஈரல், கழுத்து, கால் எல்லாம் கைக்கு எட்டுகிற விலையில் கிடைக்கும். குருணையும் கறியும் மஞ்சளும் சேர்த்துப் பெரிய போசியில் வெளியடுப்பில் வேகவைத்து, ஆறவைத்து, எலும்பை விரலால் தடவிப் பார்த்து எடுத்துவிட்டுத்தான் வைப்பேன். வெந்த கோழி எலும்பு ஊசி ஊசியாக உடையும், குடலைக் கிழித்துவிடும். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது, ரத்தத்தைக் கெடுக்கும். திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் கூடாது. விருந்தாளிகள் குழம்புச் சோற்றை இலையோடு அள்ளிப் போடுவார்கள். அந்த நேரத்தில் வாய் திறந்து சொல்லித் தடுத்துவிட வேண்டும். மற்ற நாட்களில் ராகிக்களியோ குருணைச் சோறோ, அதோடு முட்டை.

புரட்டாசி வந்தால் எங்கள் வீட்டில் மாதம் முழுக்கக் கவிச்சி கிடையாது. நாய்களுக்கு என்ன செய்வது என்று முதல் தடவை இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினோம். விரதம் நமக்குத்தான், அந்த ஜீவன்களுக்கு எதற்கு என்று முடிவு செய்து, அவற்றின் போசியையும் அடுப்பையும் தனியாகத் தோட்டத்துப் பக்கம் வைத்துவிட்டோம். அந்த மாதம் முழுக்கச் சமையல் அவர் பொறுப்பு.

பகலில் தோட்டத்துக்குள் சுற்றலாம், பொழுது சாய்ந்தால் இரண்டையும் வேலிக்குள் அடைத்துவிடுவோம். இதைக் கொங்கு நாட்டில் இருப்பவர்கள் கண்டிப்பாகச் செய்ய வேண்டும். காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கம் நாய்க்கூட்டம் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்ற செய்தியைப் படித்திருப்பீர்கள். கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தை நம்பிப் பிழைக்கிற குடும்பத்துக்கு ஆடுதான் வங்கிக் கணக்கு, மகள் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம். வீட்டில் சாதுவாக இருக்கிற நாயும் இரவில் கூட்டத்தோடு சேர்ந்தால் வேறு மாதிரி ஆகிவிடும். நம் நாய் அப்படிச் செய்யாது என்று நம்பிக் கட்டவிழ்த்து விடுவது அக்கம்பக்கத்துக்குச் செய்கிற அநியாயம். பட்டியைக் காத்த வீரனையே நாங்கள் இரவில் வெளியே விடுவதில்லை.

காவல் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நடுகல் பாடம் நடத்தும்போது திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர்க் கல்லைத் தவறாமல் சொல்வேன். மகேந்திரவர்மன் காலத்தது. எருமை மந்தையைக் காக்கப் போராடி இறந்த வீரனுக்கு எடுத்த கல். கள்ளனைக் கடித்துவிட்டு எஜமானின் பக்கத்திலேயே நின்ற நாயையும் அதில் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். அந்தப் பெயரைக் கரும்பலகையில் எழுதும்போது வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

தோட்டத்தில் பாம்பு உண்டு. இரவில் வீரன் ஒரே இடத்தைப் பார்த்து விடாமல் குரைத்தால் டார்ச் இல்லாமல் படி இறங்க மாட்டோம். தீபாவளிக்கு இரண்டையும் உள்ளறையில் விட்டு, மின்விசிறியை வேகமாக வைத்து, ரேடியோவைப் போட்டுவிட்டு அவரும் அங்கேயே படுத்துக்கொள்வார். சித்திரை வெயிலில் மரத்தடியில் நனைத்த சாக்கு. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கும். அதனால் வெயில் ஏறுவதற்குள் நடையை முடித்துவிட வேண்டும்.

ஊசி விஷயத்தில் மட்டும் சமாதானமே கூடாது. வெறிநோய்த் தடுப்பூசி வருடம் தவறாமல் போட வேண்டும். சீட்டை மாத்திரை டப்பாவோடு வைத்திருக்கிறோம், எங்கள் மாத்திரையை எடுக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும். ரோசிக்குக் கருத்தடையும் செய்துவிட்டோம். குடற்புழு மருந்து மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. எந்த நாய் கடித்தாலும், பல் பட்டுக் கீறினாலும், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். சொன்ன தேதிகளில் எல்லா ஊசியையும் போட்டு முடிக்க வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் கடிவாயில் வைக்க வேண்டாம். வெறிநோய் அறிகுறி தெரிந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. பெரியவர்கள் சின்னக் கீறல்தானே என்று விட்டுவிடுவார்கள், உங்கள் அப்பா அம்மாவிடம் இதை இரண்டு தடவையாகச் சொல்லுங்கள்.

நாய் வளர்ப்பதால் எங்களுக்கு இழப்பும் இருக்கிறது. இரண்டு பேரும் சேர்ந்து வெளியூரில் இரவு தங்குவது அரிது. ஒறம்பரை, அதாவது உறவுக்காரர், வீட்டு விசேஷம் என்றால் நான் காலை முகூர்த்தத்துக்குப் போய்த் திரும்பியதும் அவர் சாயங்காலம் போவார். சிலருக்கு வருத்தம்தான். மகள் வீட்டுக்குப் போகும் வாரம் மட்டும் பட்டிக்காரர் வந்து சோறு வைப்பார். வீரனுக்கு அவர் பழைய எஜமான், ரோசிக்கும் அவரிடம் பயம் இல்லை. அப்படி ஒரு ஆள் பக்கத்தில் கிடைக்காவிட்டால் நாய் வளர்ப்பது சிரமம். நகரத்து அபார்ட்மெண்டில் இருக்கிற பெற்றோர் என்றால் இதை முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

இனி லேப்ரடார் குட்டிக்கு வருகிறேன். நல்ல இனம், பாசமான இனம், குறையே சொல்ல மாட்டேன். ஆனால் குட்டி என்றால் ராத்திரியில் எழுந்து வெளியே கூட்டிப் போக வேண்டும், செருப்பு, ஒயர், மருந்து அட்டை எல்லாம் அதன் வாயில் இருக்கும். ஒரு வருடத்தில் முப்பது கிலோ ஆகிவிடும். கயிற்றை ஒரு இழுப்பு இழுத்து விழ வைத்தால் அறுபது வயதுக்காரருக்கு இடுப்பெலும்பு போய்விடலாம். வீரனை நான் கயிற்றில் பிடிப்பதே இல்லை, ரோசியை மட்டும்தான். அடர்ந்த முடிக்கு நம் வெயிலும் ஆகாது. இன்னொரு கணக்கையும் பாருங்கள். லேப்ரடார் பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். அப்பாவுக்கு அறுபதில் வந்த குட்டி, அவருக்கு எழுபத்திரண்டு ஆகும்போது தானும் கிழடாகி, தூக்கி இறக்கிப் பார்க்க வேண்டிய நிலையில் இருக்கும். அப்போது அம்மாவால் முடியுமா? வளர்ந்த நாய் என்றால் அதன் சுபாவம் என்ன, எவ்வளவு சத்தம் போடும், எவ்வளவு பலம் என்பதெல்லாம் நமக்கு முன்பே தெரியும். அதை வீட்டில் சேர்த்துக்கொள்ள யாரும் முன்வருவதில்லை என்பதும் எனக்கு ஒரு காரணம்.

நாட்டு நாய் என்றதும் ராஜபாளையம், சிப்பிப்பாறை என்று தேடிப் போகாதீர்கள். அவை வேட்டைக்கு ஓடி வளர்ந்த இனங்கள், ஓட இடம் இல்லாவிட்டால் தவித்துப் போகும். நான் சொல்வது தெருவிலும் தோட்டத்திலும் இருக்கிற சாதாரண நாய். குட்டை முடி, வெயில் தாங்கும், கொடுத்ததைத் தின்னும், இனத்தோடு வருகிற சீக்கும் குறைவு.

வாங்குவதற்கு முன் அப்பாவையும் அம்மாவையும் கூட்டிப் போங்கள். ஆச்சரியப்படுத்துகிறேன் என்று பிறந்தநாளுக்குக் கூடையில் வைத்துக் கொடுக்க வேண்டாம். உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் கேட்டால் கைவிடப்பட்ட, சாதுவான நாய் எங்கே இருக்கிறது என்று பெரும்பாலும் தெரிந்திருக்கும். இரண்டு மூன்று தடவை போய் அவர்கள் கையால் தீனி வைத்துப் பார்க்கட்டும். அம்மாவுக்குப் பிடிக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள், ஏனென்றால் சமையல் பெரும்பாலும் அவர் தலையில்தான் விழும். கூடப்பிறந்தவர்களோடு பேசி, பெற்றோரால் முடியாத காலம் வந்தால் நாயை யார் எடுத்துக்கொள்வது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். எங்கள் வீட்டில் மகள் இரண்டையும் ஓசூருக்குக் கொண்டுபோவதாக ஒத்துக்கொண்டிருக்கிறாள். போன பொங்கலுக்கு வந்தபோது விசில் கணக்கையும் அவள் அப்பாவிடம் கற்றுக்கொண்டு போனாள்.